பூர்ணிமா கார்டன்ஸில் பனிமூட்டம்

வண்டியை அங்க நிறுத்தாதீங்க தம்பி. அது விசிட்டர் நிறுத்தற இடம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க விசிட்டரா குடித்தனக்காரரான்னு இன்னும் முடிவாகலையே. இப்படித் தூணோரமா விடுங்க. இன்னும் கொஞ்சம் உள்ள. போதும். ஓனர் ஃபோன் பண்ணார், கேம்ப் ரோடு சிக்னல்ல மாட்டிக்கிட்டாராம். சாவி அவர் கையிலதான் இருக்கு. அதுவரைக்கும் இந்த பெஞ்ச்ல உக்காருவோம். நான் தெய்வசிகாமணி. கூட்டுறவு ஆடிட்டுல இருந்து ரிட்டையர் ஆனவன். இங்க செக்ரட்டரி. பூர்ணிமா கார்டன்ஸ்னு பேரு, கார்டன் எல்லாம் கிடையாது. ரெண்டு பிளாக், நடுவுல தண்ணித் தொட்டி, அவ்வளவுதான்.

என்ன வேலைன்னு சொன்னீங்க? கம்ப்யூட்டரா. கம்ப்யூட்டர்ல என்ன? இல்ல, கேக்கணும் பாருங்க. கேம் கீம் ஏதாவது செய்வீங்களா? பேய், பனிமூட்டம், ஆள் நடமாட்டமில்லாத தெரு, அந்த மாதிரி? பேங்க் சாஃப்ட்வேரா. அப்ப நிம்மதி. கோவிச்சுக்காதீங்க, காரணமில்லாம கேக்கல. நீங்க பாக்க வந்திருக்கற மூணாவது மாடி வீட்டுலதான் அந்தப் பொண்ணு இருந்துச்சு. ஜெபிஷா. நாகர்கோவில் பக்கம். நல்ல பொண்ணுதான். தங்கமான பொண்ணு. ஆனா அது செஞ்சு வெச்சுட்டுப் போன காரியம் இருக்கே, அதைச் சொன்னா நம்பமாட்டீங்க.

எப்படி ஆரம்பிச்சதுன்னா, கொசுவுல ஆரம்பிச்சது. போன மழைக்கு இந்தப் பக்கம் கொசுன்னா கொசு, உங்களைத் தூக்கிட்டே போயிடும். ஊர்ல எல்லாரும் கொசுவத்தி வாங்கறாங்க. நான் கமிட்டியில பேசி ஒரு புகை மெஷினே வாங்கிட்டேன். வாட்ச்மேன் மெஷினைத் தோள்ல மாட்டிக்கிட்டு அடிச்சுக்கிட்டு வருவான். நான் முன்னாடி டார்ச் அடிச்சுக்கிட்டு, ‘ஜன்னலைச் சாத்துங்க! பாத்திரத்தை மூடுங்க!’ன்னு குரல் கொடுத்துக்கிட்டே போவேன். ஒருத்தர் ஒரு நன்றி சொன்னதில்ல தம்பி. படார் படார்னு ஜன்னலைச் சாத்துவாங்க, உள்ள இருந்து இருமுவாங்க, நான் கேக்கணும்னே இருமுவாங்க.

அன்னைக்கு இந்தப் பொண்ணு மட்டும் படியில தடதடன்னு இறங்கி ஓடி வருது. துப்பட்டாவால மூக்கை மூடிக்கிட்டு, கையில ஃபோனைப் பிடிச்சுக்கிட்டு, நேரா புகைக்குள்ள வந்து நிக்குது. ‘அங்கிள், அப்படியே நில்லுங்க! டார்ச்சை அணைக்காதீங்க! அங்கிள், அசையாதீங்க!’ன்னு கத்துது. நானும் நின்னேன். சுத்தி ஒண்ணும் தெரியல, வெள்ளையா புகை, நடுவுல நான். அது படமா எடுத்துத் தள்ளுது. முடிச்சுட்டு என்ன கேட்டுச்சு தெரியுமா? ‘அங்கிள், நாளைக்கும் அடிப்பீங்களா?’

இத்தனை வருஷத்துல இந்தக் கட்டடத்துல நான் செஞ்ச ஒரு வேலையை, நாளைக்கும் செய்வீங்களான்னு கேட்ட முதல் ஆள் தம்பி அது. மனசு குளிர்ந்து போச்சு. சரி, என்னதான் விஷயம்னு விசாரிச்சேன்.

அதுக்கு வேலை போயிருந்தது. முன்ன இருந்த கம்பெனியை மூடிட்டாங்க. பெங்களூர்ல ஒரு கேம் கம்பெனி, அவங்க வேலைக்கு எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பரீட்சை வெச்சிருக்காங்க. ரொம்ப நாளைக்கு முன்னாடி வந்த ஒரு பேய் கேமாம். ஒரு ஊரு, ஊர் முழுக்கப் பனிமூட்டம், ஒரு ஜீவன் கிடையாது, நாம மட்டும் தனியா நடந்து போகணும். அந்த மாதிரி ஒரு இடத்தைப் புதுசா நீ செஞ்சு காட்டுன்னு பரீட்சை. பொங்கலுக்குள்ள கொடுக்கணும். கிடைக்கலைன்னா அது ஊருக்குப் போகணும், அங்க அம்மா மாப்பிள்ளை பாத்து வெச்சிருக்காங்க. மாப்பிள்ளைக்கு ரப்பர் தோட்டம் இருக்காம். ‘தோட்டம் இருக்கு அங்கிள், பேச்சுதான் இல்ல’ன்னு சொல்லிச்சு.

‘இதை எதுலம்மா செய்வே?’ன்னேன்.

‘எஞ்சின்ல அங்கிள்.’

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ‘எஞ்சினா? வீட்டுக்குள்ள எஞ்சின் எல்லாம் ஓட்டக்கூடாதும்மா. ரூல் இருக்கு. ஒருத்தர் ஜெனரேட்டர் வெச்சதுக்கே கூட்டம் போட்டு எடுக்க வெச்சேன். டீசல் நாத்தம், அதிர்வு, கீழ் வீட்டுல சுவர் விரிசல் விட்டா யார் பதில் சொல்றது?’

அது சிரிச்ச சிரிப்பு! அப்புறம்தான் விளக்கிச்சு. கேம் எஞ்சின்னு அது ஒரு சாஃப்ட்வேராம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சுவர், மரம், வெளிச்சம், சத்தம், எல்லாத்தையும் அதுக்குள்ள கொண்டு போய் அடுக்கினா, நாம உள்ள நடக்கலாமாம். பரீட்சை எழுதற மத்தவங்க எல்லாம் வெளிநாட்டு ஊரைத்தான் செய்வாங்க. சர்ச்சு, ஏரி, மோட்டல். ‘நான் பாக்காத ஊரை நான் எப்படி அங்கிள் செய்ய? எனக்கு இதுதான் தெரியும். நம்ம காம்பவுண்டைச் செய்யப் போறேன்’னு சொல்லிச்சு.

நம்ம காம்பவுண்டு! பூர்ணிமா கார்டன்ஸ்! எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க. ஆனா செக்ரட்டரின்னு ஒருத்தன் இருக்கும்போது சும்மா தூக்கிக் கொடுத்துட முடியுமா? சில நிபந்தனை சொன்னேன். பி-பிளாக் விரிசலைக் காட்டக்கூடாது. நோட்டீஸ் எல்லாம் படிக்கற மாதிரி இருக்கணும். கொடியில துணி தொங்கக்கூடாது. எல்லாத்துக்கும் ‘சரி அங்கிள், சரி அங்கிள்’னு தலையாட்டிச்சு.

அன்னையில இருந்து தினம் சாயங்காலம் மேல போய் மேற்பார்வை பாப்பேன். நானும் என் சம்சாரமும். அவ பேரு மங்கையர்க்கரசி, மங்கைன்னு கூப்பிடுவேன். அந்தப் பொண்ணு மடிக்கணினியைத் திருப்பி வெச்சுக் காட்டும். முத நாள் பாத்தா, எனக்கு மூச்சே நின்னு போச்சு. இதே தொட்டி. இதே பெஞ்ச். இந்தத் தூண்ல பெயிண்ட் உதிர்ந்திருக்கு பாருங்க, இந்த உதிரல் கூட அப்படியே இருக்கு. சுவரை எல்லாம் ஃபோட்டோ எடுத்து ஒட்டியிருக்கு. சுத்தி வெள்ளையா பனி.

மங்கை பாத்துட்டு, ‘இட்லிப் பானையைத் திறந்த மாதிரி இருக்கு’ன்னா.

நான் முறைச்சேன். ஆனா அந்தப் பொண்ணு சட்டுனு நிமிந்து உக்காந்துடுச்சு. ‘ஆன்ட்டி சொல்றது சரியாக்கும். இது ஆவி. பனி இப்படி மேல போகாது.’ மறுநாள் விடியற்காலையில ஏரிக்கரைக்குப் போய் நின்னுட்டு வந்துச்சு. மார்கழி இல்லையா, அங்க பனி இறங்கியிருக்கும். வந்து சொல்லுது, பனி வெள்ளையே இல்லையாம், சாம்பலும் மஞ்சளும் கலந்த மாதிரியாம். ஒரே மாதிரி பரவாதாம், தரையோரமா தேங்குமாம். அது இருக்கற இடத்துல சத்தம் எங்கேருந்து வருதுன்னு தெரியாதாம். பக்கத்துல ஒருத்தர் இருமினாராம், திரும்பிப் பாத்தா அவர் எங்கயோ தூரத்துல நிக்கறாராம். அதை எல்லாம் எஞ்சினுக்குள்ள கொண்டு வந்துச்சு. அதுக்கப்புறம் பாத்தா, தம்பி, நம்ம தொட்டியைப் பாக்க எனக்கே கிட்டப் போகத் தோணல.

ஆனா ஒரு குறை. பனியில நோட்டீஸ் ஒண்ணுமே தெரியல. நான் கைப்பட எழுதி லேமினேட் பண்ணி ஒட்டினது. ‘லிஃப்டில் குதிக்காதீர்’, ‘குப்பையை ஈரம், உலர் எனப் பிரிக்கவும்’. ஒரு எழுத்து தெரியல. ‘பனியைக் கொஞ்சம் குறையேம்மா’ன்னேன். அது தயங்கிச்சு. நான் விடல. திரையில ஒரு கோடு மாதிரி இருந்துச்சு, அதை இழுத்தா பனி கூடும் குறையும். ‘நீங்களே இழுங்க அங்கிள்’னு சொல்லிடுச்சு. நான் ஆர்வத்துல ஒரேயடியா இழுத்துட்டேன்.

பனி போச்சு. அடுத்த நிமிஷம் நான் கண்டது என்ன தெரியுமா? ஏ-பிளாக்குக்கு முதுகே இல்ல! முன்பக்கச் சுவர் மட்டும் சினிமா செட் மாதிரி நிக்குது. மொட்டை மாடி இல்ல. லிஃப்ட் ரூம் இல்ல. டிரான்ஸ்ஃபார்மர் இல்ல. காம்பவுண்டுச் சுவர் பாதியில நிக்குது, அதுக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல, வெறும் நீலம். நான் குடியிருக்கற வீடு, தம்பி, இருக்கவே இல்ல.

‘என்னம்மா இது?’ன்னேன்.

‘பனி மூடற இடத்தைக் கட்ட வேண்டாம் அங்கிள். பழைய கேம்லயும் அப்படித்தான். அந்தக் காலத்து மெஷினுக்குத் தூரத்துல இருக்கறதை எல்லாம் வரைய முடியாது. அதனால பனியைப் போட்டு மூடினாங்க. அதுவே பயமாப் போச்சு.’

‘இதைத்தானேம்மா இந்தக் கட்டடத்தைக் கட்டினவனும் செஞ்சான்! விரிசலை எல்லாம் பெயிண்டைப் போட்டு மூடினான்! அவன் மேல இன்னும் கேஸ் நடக்குது! நான் ஆடிட்டுல இருந்தவன், அரைகுறை வேலைக்குக் கையெழுத்துப் போடமாட்டேன். எல்லாத்தையும் கட்டு. செப்டிக் டேங்க் உட்படக் கட்டு.’

அது மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கிச்சு. அப்புறம் கட்ட ஆரம்பிச்சுது. டிரான்ஸ்ஃபார்மர் கட்டிச்சு. சைக்கிள் ஸ்டாண்டு கட்டிச்சு. பனியைக் குறைச்சுது. நோட்டீஸ் பளிச்சுன்னு தெரிஞ்சுது. எனக்கு ரொம்பத் திருப்தி. பாத்தா, வீடு விக்கறவங்க கொடுப்பாங்களே வழவழன்னு ஒரு விளம்பரத் தாள், அந்த மாதிரி இருந்துச்சு. அந்தப் பொண்ணு முகம்தான் வாடிப் போச்சு. சரியா சாப்பிடலன்னு மங்கை சொன்னா. எனக்கு அது வேலைக் களைப்புன்னு பட்டுது.

ஒரு நாள் மேல போகக் கிளம்பினா, மங்கை வாசலை மறிச்சுக்கிட்டு நிக்கறா. ‘எங்க?’ன்னா. ‘மேற்பார்வைக்கு’ன்னேன். ‘பரீட்சை யாருக்கு? உங்களுக்கா அவளுக்கா? அவளுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. நீங்க செப்டிக் டேங்க் கட்டச் சொல்லி உயிரை வாங்கறீங்க. ரப்பர் தோட்டத்துல அவ உக்காந்து அழறதுக்கு நீங்கதான் காரணமாகப் போறீங்க’ன்னா. மங்கை அதிகம் பேசமாட்டா தம்பி. பேசினா அன்னைக்கு வீட்டுல குக்கர் கூட விசில் அடிக்காது.

மேல போனேன். ‘பனியைத் திரும்பப் போட்டுக்கோம்மா’ன்னேன். அது என்னை நம்பாம பாத்துச்சு. ‘நோட்டீஸ் தெரியாதே அங்கிள்’னுச்சு. ‘போகட்டும். நேர்ல இருக்கும்போதே எவனும் படிக்கறதில்ல’ன்னேன். எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டுது. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல, டார்ச்சை இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்திக்கிட்டேன்.

அப்புறம் இன்னொரு சிக்கல். இடம் தயாராயிடுச்சு, பனி தயாராயிடுச்சு. பயப்படறதுக்கு ஒண்ணு வேணுமே? வெள்ளைப் புடவை, தலைவிரி கோலம், கொலுசுன்னு நான் யோசனை சொன்னேன். ‘அதெல்லாம் பாத்தா இப்ப யாரும் பயப்படறதில்ல அங்கிள். இங்க இருக்கறவங்க நெசமா எதைப் பாத்தா ஓடுவாங்க? அதுதான் வேணும்’னு கேட்டுச்சு.

இதைக் கேக்கறதுக்குத்தானே நான் காத்துக்கிட்டிருந்தேன்! துரைக்கண்ணுவைப் பத்தி எடுத்துவிட்டேன். துரைக்கண்ணு இதே பிளாக்ல ரெண்டாவது மாடி. எனக்கு முன்னாடி செக்ரட்டரியா இருந்தவர். நான் பொறுப்பு எடுத்துக்கிட்ட அன்னைக்கு, சாவிக் கொத்தை என் கையில கொடுக்கல தம்பி. மேஜை மேல போட்டார். டங்குனு. அதோட பேச்சு வார்த்தை நின்னு போச்சு, எட்டு வருஷம். அவர் காலத்துல எப்படின்னா, யார் உள்ள வந்தாலும் நிறுத்தி விசாரணை. எங்க போறே, யாரைப் பாக்கணும், வண்டியை ஏன் இப்படி நிறுத்தினே. குழந்தைங்க விளையாடினா சத்தம். ஜனங்க அவர் வர்ற சத்தம் கேட்டாலே படியில ஒளிஞ்சுக்குவாங்க. இதெல்லாம் சொன்னேன். அந்தப் பொண்ணு கன்னத்துல கை வெச்சுக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு கேட்டுச்சு. கேட்டுட்டு, ‘அப்படி ஒருத்தர் பனிக்குள்ள வந்தா நல்லாயிருக்கும் அங்கிள்’னுச்சு.

என்ன தம்பி, என் குல்லாவையே பாக்கறீங்க? எனக்குக் காதுல காத்து போகக்கூடாது, டாக்டர் சொல்லியிருக்கார். வெயில் காலத்துல கூடக் குரங்குக் குல்லாதான்.

எங்க விட்டேன்? ஆங், குரல். உருவத்தை அது வரைஞ்சுக்கிடும். குரலும் நடையும் வேணும். துரைக்கண்ணுவை நான் கூப்பிட முடியுமா? பேசறதே இல்ல. அதனால அந்தப் பொறுப்பை நானே ஏத்துக்கிட்டேன். ஒரு மதியானம், கார் எல்லாம் வெளிய போயிருந்த நேரம், இந்தக் கீழ்த் தளத்துல என்னை நடக்கச் சொல்லிச்சு. ‘எப்பவும் நடக்கற மாதிரியே நடங்க அங்கிள். நடிக்க வேண்டாம்’னுச்சு. செருப்புச் சத்தம், சாவிக் கொத்துச் சத்தம், இருமல், எல்லாத்தையும் மைக்ல பிடிச்சுது. ‘எப்பவும் கேப்பீங்களே, அதைக் கேளுங்க’ன்னுச்சு. ‘யாரது? எந்த ஃப்ளாட்?’ன்னேன். ‘இன்னொரு தடவை’ன்னுச்சு. ‘யாரது? எந்த ஃப்ளாட்?’ எத்தனை தடவை கேட்டேனோ, தொண்டை கட்டிக்கிச்சு. மங்கை மாடிப் படியில நின்னு முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு நின்னா. அவளுக்குப் பெருமை தாங்கல.

கம்பெனிக்கு அனுப்பறதுக்கு முன்னாடி நாலு பேர் ஆடிப் பாக்கணும், பயப்படறாங்களான்னு தெரியணும்னு அது கேட்டுச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இங்கயே ஏற்பாடு செஞ்சேன். பெரிய திரை கட்டி, நாற்காலி போட்டு. ரெண்டு பிளாக்கும் வந்துடுச்சு. பொதுக்குழுவுக்குக் கூப்பிட்டா கோரத்துக்குக் கூட ஆள் சேராது, இதுக்கு உக்கார இடமில்ல. துரைக்கண்ணுவும் கடைசி வரிசையில வந்து உக்காந்தார். நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.

முதல்ல ஏ-பிளாக் டாக்டர் ஆடினார். பெரிய சர்ஜன், வயித்தைக் கிழிச்சுத் தைக்கறவர். கையில அந்தக் கட்டுப்பாட்டுக் கருவியை வாங்கிக்கிட்டு நடக்கறார். பனி. ஒரு ஈ, எறும்பு இல்ல. தொட்டியில தண்ணி சொட்டற சத்தம் மட்டும். ஜனங்க மூச்சு விடல. தூரத்துல சாவி சத்தம். கலீர், கலீர். அவ்வளவுதான், கூட்டத்துல இருந்து ஒரு ‘ஐயோ’ வந்துச்சு பாருங்க! அப்புறம் செருப்பு. சரக், சரக். அப்புறம் பனிக்குள்ள மஞ்சளா ஒரு வெளிச்சம், டார்ச். ‘யாரது? எந்த ஃப்ளாட்?’

டாக்டர் கருவியைக் கீழ போட்டுட்டார். குழந்தைங்க நாற்காலிக்கு அடியில. பெரியவங்க அலறி அலறிச் சிரிக்கறாங்க. பயம் அதிகமானா சிரிப்பு வருமாம் தம்பி, படிச்சிருக்கேன். ஒருத்தர் மாத்தி ஒருத்தர் ஆடினாங்க. ஒருத்தராவது முடிக்கணுமே! குரல் கேட்ட உடனே திரும்பி ஓடறாங்க, மோட்டார் ரூம்ல ஒளியறாங்க, மாட்டிக்கறாங்க. எல்லாரும் என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க. எனக்குக் கூச்சமாப் போச்சு. என் குரலுக்கு இவ்வளவு சக்தி இருக்குன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும்.

அந்த உருவம் கிட்ட வந்தப்ப பாத்தேன். குரங்குக் குல்லா போட்டிருந்துச்சு. துரைக்கண்ணு குல்லா போடறவர் இல்ல. ஆனா அந்தப் பொண்ணு புத்திசாலி. அப்படியே வரைஞ்சா அவர் கேஸ் போட்டுடுவாருன்னு மாத்தியிருக்கு. இதுல வேடிக்கை என்னன்னா, கூட்டத்துலயே அதிகமா சிரிச்சது துரைக்கண்ணுதான். கண்ணுல தண்ணி வர, தொடையைத் தட்டித் தட்டி, பக்கத்து ஆள் மேல சாஞ்சு சாஞ்சு சிரிக்கறார். தன்னைத்தான் காட்டறாங்கன்னு தெரியாம சிரிக்கறாரேன்னு எனக்குப் பரிதாபமாப் போச்சு.

ஜெபிஷாவுக்கு வேலை கிடைச்சுடுச்சு. பெங்களூர்க்காரங்க ஃபோன்லயே சொல்லிட்டாங்களாம், இவ்வளவு பேர் அனுப்பினதுல இது ஒண்ணுதான் அவங்களை நாற்காலியை விட்டு எழுந்திருக்க வெச்சதுன்னு. ரப்பர் தோட்டத்து மாப்பிள்ளைக்கு வேற இடத்துல பாத்துட்டாங்க. அது காலி பண்ணிட்டுப் போகும்போது, என் பையன் விட்டுட்டுப் போன பழைய கம்ப்யூட்டர்ல அந்தக் கேமைப் போட்டுக் கொடுத்துட்டுப் போச்சு. ‘அங்கிள், நீங்க ஒரு தடவை ஆடிப் பாக்கணும். கட்டாயம் ஆடணும்’னு சொல்லிச்சு. நான் எங்க ஆடறது. குழந்தைங்கதான் வந்து ஆடுதுங்க. பள்ளிக்கூடம் விட்டா நேரா எங்க வீடு. அதுக்கு முன்னாடி எங்க வீட்டு பெல்லை கேஸ் சிலிண்டர் போடறவனைத் தவிர யாரும் அடிச்சதில்ல. இப்ப மங்கை முறுக்கு சுட்டு முடியல. ‘அங்கிள், ஒரு தடவை சொல்லுங்க அங்கிள்’னு கெஞ்சும்ங்க. சொல்லுவேன். வீட்டைச் சுத்தி ஓடும்ங்க. ஆனா அதுல ஒண்ணு கூட கேமை முடிச்சதில்ல.

ஒரு நாள் மதியம், சாப்பாட்டுக்கு அப்புறம், மங்கை கருவியைக் கொண்டு வந்து என் கையில திணிச்சா. ‘அந்தப் பொண்ணு நேத்தும் ஃபோன்ல கேட்டா. ஒரு தடவை ஆடுங்க’ன்னா. சரின்னு உக்காந்தேன்.

பனிக்குள்ள நடந்தேன். நம்ம காம்பவுண்டுதானே, எனக்கென்ன. ஆனா ஆளில்லாம பாக்க ஒரு மாதிரியா இருந்துச்சு தம்பி. எல்லா ஜன்னலும் சாத்தியிருக்கு. எந்த வீட்டுலயும் டிவி சத்தம் இல்ல, தாளிக்கற வாசனை இல்ல, வாசனை அதுல வராதுதான், ஆனா எனக்கு வரலைன்னு தோணுச்சு. அப்ப சாவி சத்தம். செருப்பு. டார்ச் வெளிச்சம் என் மேல விழுது. ‘யாரது? எந்த ஃப்ளாட்?’

நான் எதுக்கு ஓடணும்? கேட்டது நியாயமான கேள்வி. நின்னேன். நின்னதும் திரையில கீழ பொடி எழுத்துல ‘பதில் சொல்’னு ஒண்ணு வந்துச்சு. எல்லாரும் ஓடற ஓட்டத்துல யாரும் இதைப் பாக்கவே இல்ல. நான் நோட்டீஸ் படிக்கறவன் இல்லையா, அமுக்கினேன்.

டார்ச் தாழ்ந்துடுச்சு. அந்தாளு சொல்றார், ‘நீயாம்மா? சரி, சரி. எல்லாரும் வந்தாச்சு, நீ மட்டும்தான் பாக்கி. பாத்துப் படியேறு, அந்த லைட்டு எரியல’ன்னு. என் குரல்தான். இதை நான் எப்ப சொன்னேன், அது எப்ப பிடிச்சுதுன்னு எனக்கு ஞாபகமே இல்ல. சொல்லிட்டு அவரே முன்னாடி போய் டார்ச்சைப் படிமேல அடிச்சுக்கிட்டு நிக்கறார். நாம மேல ஏறிப் போறவரைக்கும். அவ்வளவுதான் கேம். முடிஞ்சுடுச்சு.

ரெண்டு பிளாக்ல யாரும் முடிக்காததை ஒரே ஆட்டத்துல முடிச்சுட்டேன். சந்தோஷமா இருக்கணும் இல்லையா? இல்ல. மனசே சரியில்ல. மங்கை என்னையே பாத்துக்கிட்டிருந்தா. ‘என்ன தோணுது?’ன்னா. ‘பாவம் மங்கை அந்தாளு. பனியில தனியா சுத்திக்கிட்டு, கேட்டுக்கிட்டே இருக்கான். ஒருத்தர் நின்னு பதில் சொல்லல’ன்னேன். ‘ஆமா, பாவம்தான்’னா. அவ கண்ணு கலங்கியிருந்துச்சு. ‘துரைக்கண்ணு இவ்வளவு தவிச்சிருப்பார்னு நான் நினைக்கல’ன்னேன். மங்கை வாயைத் திறந்தா. அப்புறம் எழுந்து உள்ள போயிட்டா. ரொம்ப நேரம் குழாய்ச் சத்தம் கேட்டுச்சு.

அன்னைக்குச் சாயங்காலமே துரைக்கண்ணு வீட்டு பெல்லை அடிச்சேன். எட்டு வருஷத்துக்கு அப்புறம். கதவைத் திறந்தவர் என்னைப் பாத்துட்டு, ‘என்ன, மோட்டார் எரிஞ்சு போச்சா?’ன்னார். வேற எதுக்கு நான் வருவேன்னு அவர் நினைப்பு. உள்ள போய் உக்காந்தேன். அவர் சம்சாரம் காப்பி எடுத்துக்கிட்டு வந்தாங்க.

‘சார், அந்தக் கேம்ல வர்ற ஆள் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?’ன்னேன்.

அந்தம்மா டம்ளரோட அப்படியே நின்னுட்டாங்க. துரைக்கண்ணு கண்ணு அகல என்னையே பாக்கறார். ‘தெரியுமே’ன்னார். மெதுவா சொன்னார்.

‘தெரியுமில்ல? அதான் சொல்ல வந்தேன். இத்தனை நாளா அந்தாளைத் தப்பா நினைச்சுட்டோம் சார். அவன் கெட்டவன் இல்ல. எல்லாரும் வீடு வந்து சேர்ந்தாச்சான்னு தெரியாம அவனுக்குப் படுக்கப் பிடிக்கல. கேக்கத் தெரியல, அதட்டலா வந்துடுது. ஜனங்க ஓடறாங்க. ஓட ஓட அவன் இன்னும் சத்தமா கேக்கறான். யாராவது ஒருத்தர் நின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா...’

துரைக்கண்ணு கண்ணாடியைக் கழட்டி பனியன் நுனியால துடைச்சார். போட்டுக்கிட்டார். திரும்பக் கழட்டித் துடைச்சார். ‘தெய்வசிகாமணி, அது வந்து...’ன்னு ஆரம்பிச்சார். அந்தம்மா, ‘காப்பி ஆறுது’ன்னாங்க. அவர் அந்தம்மாவைப் பாத்தார். அவங்க லேசா தலையை ஆட்டினாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, ‘ஆமாய்யா. அது நான்தான்’னார்.

ஒத்துக்கிட்டார் தம்பி! அந்த வயசுல, சம்சாரத்துக்கு முன்னாடி, தன்னைப் பத்தி அப்படி ஒத்துக்க எவ்வளவு பெரிய மனசு வேணும்? நான் தோளைத் தட்டிக் கொடுத்து, ‘விடுங்க சார், இனிமே மாத்திக்கலாம்’னேன். இப்ப சாயங்காலம் ரெண்டு பேருமாத்தான் காம்பவுண்டைச் சுத்தி வர்றோம். கேக்கறதெல்லாம் நான் கேப்பேன். அவர் பக்கத்துல நின்னு, வர்றவங்களைப் பாத்து லேசா சிரிப்பார். ஜனங்களும் இப்ப நின்னு பதில் சொல்றாங்க. ஓடறதில்ல. அவர் எவ்வளவு மாறிட்டார் பாருங்க.

அதோ, படியிறங்கி வர்றாரே, அவர்தான் துரைக்கண்ணு. இப்ப இங்கதான் வந்து உக்காருவார். நான் சொன்னதெல்லாம் உங்களோட இருக்கட்டும் தம்பி, அவர்கிட்ட கேட்டு வெச்சுடாதீங்க. பாவம், சங்கடப்படுவார்.